இரவு முழுக்க ஒரே கரியில்: பன்றிக்கறிக்கு ஏற்ற செராமிக் அடுப்பு

விருத்தாசலத்துக்கும் அதை அடுத்த நல்லூருக்கும் சூளைச் சூடு புதிதல்ல. அகல் விளக்கும் கொலு பொம்மையும் அங்கே வெந்துதான் கடைக்குப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் கல்வி நிலையமும் விருத்தாசலத்தில் இருக்கிறது. முட்டை வடிவ ‘கமாடோ’ அடுப்பை எடைபோட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

ஜப்பானிய அரிசி அடுப்பின் வழிவந்த இந்தக் கருவியை அமெரிக்காவில் பரப்பியவர் எட் ஃபிஷர். அட்லாண்டாவில் 1974-ல் அவர் தொடங்கியதுதான் ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம்.

இதன் பலம் தடித்த சுவர். இரும்புத் தகட்டு அடுப்பு சூட்டை வெளியே விடும். அதை ஈடுகட்டக் கூடுதல் காற்று வேண்டும், அந்தக் காற்று கறியை உலர்த்தும். செராமிக் சுவரோ சூட்டைப் பிடித்துவைக்கிறது. அடித் துவாரத்தையும் மேல்மூடியையும் விரல் அகலத்துக்கும் குறைவாகத் திறந்துவைத்தாலே 110 டிகிரி செல்சியஸ் நிற்கும். நிரப்பிய கரி இரவு முழுக்க வரும்.

எலும்போடு கூடிய தோள்பட்டைக் கறி இதற்கு ஏற்றது. கல்லுப்பு, மிளகு, சீரகம், பூண்டு தடவி, தீக்கும் கறிக்கும் நடுவே செராமிக் தடுப்புத் தட்டை வைக்க வேண்டும். 3 கிலோ துண்டு வேக 10 முதல் 13 மணி நேரம் ஆகும். உள்சூடு 65 – 75 டிகிரிக்குள் எங்கோ முள் நகராமல் நின்றுவிடும். கறியிலிருந்து ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்விப்பதே காரணம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டக் கூடாது. ஃபாயிலில் சுற்றினால் போதும். 93 டிகிரியில் சவ்வெல்லாம் கரைந்து, எலும்பு கையோடு கழன்று வரும். முழுத் துண்டுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவே 63 டிகிரிதான் என்பதால், நாடாப்புழு பயமும் வேண்டாம்.

புகைக்கும் அலைய வேண்டியதில்லை. டெக்சாஸ் பார்பிக்யூவின் மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. காய்ந்த கட்டை இரண்டு போதும். மிஞ்சினால் கறி கசக்கும்.

குறைகளும் உண்டு. பெரிய அளவு அடுப்பு 70 கிலோவைத் தாண்டும். கீழே விழுந்தால் உடையும். சூடு ஒருமுறை 150-ஐத் தாண்டிவிட்டால் இறங்க வெகுநேரம் பிடிக்கும். மூடியில் பதித்த வெப்பமானி மேல்காற்றின் சூட்டைத்தான் காட்டும், கறி இருக்கும் கம்பித்தட்டின் சூட்டை அல்ல. நல்ல சூட்டில் மூடியைச் சட்டெனத் திறந்தால் தீ முகத்தில் பாயும். முதலில் சிறிது தூக்கிக் காற்று விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு நச்சு என்பதால் வீட்டுக்குள் மூட்டவே கூடாது.

மாதம் இரண்டு முறையாவது சமைக்கும், கொல்லையில் இடமுள்ள குடும்பத்துக்கு இது தகும். மற்றவர்கள் முதலில் கறியில் குத்தும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கலாம். மூடியுள்ள கெட்டில் அடுப்பில் கரியை வளையமாக அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், சில மணிக்கு ஒருமுறை கரி சேர்க்கும் வேலையோடு, அதே கறி கிடைக்கும்.