பரிசில் இல்லாத எழுத்து

சிற்றாறு குற்றால மலையில் இறங்கி, தென்காசியைக் கடந்து, வீரகேரளம்புதூர் வழியாகப் போய்ச் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியோடு கலக்கிறது. எழுத்து எதற்காக என்ற கேள்விக்கு இந்த ஒரே ஆற்றங்கரையில் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. பஸ் போர்டில் வீ.கே.புதூர் என்று சுருங்கிவிட்ட வீரகேரளம்புதூர், ஊற்றுமலை ஜமீனின் இருப்பிடம். புலவர்கள் வாயில் அது ‘வீரை’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஜமீன்தாராக இருந்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் பாடியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடைப் பாட்டாகப் பிறந்தது காவடிச்சிந்து. முப்பதைத் தாண்டாமலே மறைந்த ஒரு கவிஞர் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன மெட்டுகள் இன்றும் ஓய்வில்லாமல் பாடப்படுகின்றன. ஆகவே, கேட்பவருக்காக எழுதினால் உயிர் இருக்காது என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிந்துக்குள் ரெட்டியாருடைய ஒரு நாள் எங்கே இருக்கிறது என்று தேடினால் அகப்படாது. அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார், எதற்கு அலுத்துக்கொண்டார் என்பதற்கு அங்கே இடம் கிடையாது. பரிசில் தரும் கை, பாட்டின் பொருளையும் அளந்துதான் தருகிறது.

ஆற்றின் மேல்பக்கம், குற்றாலத்தில், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து வாழ்ந்தவர் ரசிகமணி டி.கே.சி. (1882–1954). சட்டம் படித்தவர், அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தவர், திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற ரசிகர் கூட்டத்தில் கம்பனைப் பாடிக் காட்டியே ஒரு தலைமுறையைக் கவிதை கேட்கப் பழக்கியவர். ‘இதய ஒலி’, ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று அவர் பெயரில் நூல்கள் உண்டு. ஆனால் அவருடைய உரைநடை முழுதாக மூச்சு விடுவது நண்பர்களுக்குப் போட்ட கடிதங்களில்தான். ராஜாஜி, கல்கி, பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் என்று நீளும் அந்த வட்டத்துக்கு அவர் எழுதியவற்றில் சாரல் வரும், சாப்பாடு வரும், ஒரு செய்யுளின் ஓசை வரும்; எது முக்கியம் என்ற வரிசை மட்டும் வராது. மேடைத் தமிழ் அடுக்குமொழிக்கும் பண்டிதத் தமிழ் கடுஞ்சொல்லுக்கும் ஓடிய காலத்தில், திருநெல்வேலிப் பேச்சின் சாவகாசம் அச்சு அசலாக இறங்கியது அந்தத் தாள்களில். ரசனையையே உரைகல்லாகக் கொண்டு கம்பனில் பல பாடல்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதை நான் ஏற்கவில்லை. பிறர் நூலைப் பதிப்பிக்கத் தன் ருசி மட்டும் போதாது. ஏட்டுச் சான்று வேண்டும். அதே உரைகல் தன் கடிதத்துக்கு வரும்போது வேறு சான்று எதையும் கேட்பதில்லை.

கடிதத்துக்கும் வாசகர் உண்டே, உறையின் மேல் பெயர் எழுதித்தானே அனுப்பினார் என்று கேட்கலாம். அவர் கடிதங்கள் கைமாறிப் படிக்கப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் தெரிந்த நண்பர் ஒருவரையும் முகம் தெரியாத திரளையும் ‘வாசகர்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நண்பரைப் புதிதாக வசப்படுத்த வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே நம் பக்கம் இருக்கிறார். அந்த நிம்மதி வாக்கியத்தை மாற்றிவிடுகிறது. 1879இல் வந்த காலணாக் கார்டு இந்த நிம்மதியை எளியவர்களுக்கும் கொடுத்தது. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி தன் ஊர்த் தோழர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை பின்னால் நூலாயின. எழுதும்போது அப்படி ஒரு கணக்கு இல்லை. கி.ரா. கதை எழுத வந்தது 1950களின் இறுதியில், முப்பத்தைந்து வயதை ஒட்டி. அதற்குள் பல வருஷம் சும்மா எழுதிப் பழகிய கை அது. கரிசல் பேச்சை அப்படியே தாளில் வைக்கும் துணிவைப் பத்திரிகை ஆசிரியர் யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. தோழமைக் கடிதங்களில் விளைந்தது என்றே நான் கருதுகிறேன்.

பெயர் எழுதிய உறைகூட இல்லாத எழுத்துக்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஆனந்தரங்கம் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கினார். பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்சின் தலைமை துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனது அதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து. ஆகவே பதவிக்காகத் தொடங்கிய பதிவு என்று சொல்ல முடியாது. வியாபாரி என்பதால் கணக்குப் புத்தி அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சகுனமும் ஜாதகமும் ஊர் வம்பும் யார் யாரை எப்படி அவமதித்தார்கள் என்பதும் எந்தக் கணக்குக்கு உதவும்? பிரெஞ்சும் போர்த்துகீசும் தெலுங்கும் கலந்து, கடைத்தெருவில் நின்று பேசுவதுபோல் ஓடும் அந்த உரைநடையை அன்றைய புலவர் எவரும் தமிழ் என்று ஒப்பியிருக்க மாட்டார். ஒப்புதல் தேவைப்படாததால்தான் எழுத முடிந்தது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் எழுதிவைத்த குறிப்புகளும் இந்த ஜாதிதான்; அவை அச்சேறியது 1825இல்.

இங்கே ஒரு தடை வலுவானது. பிழைத்த நாட்குறிப்பையும் பிரபலமானவர் கடிதத்தையும் வைத்துக்கொண்டு, தனக்காக எழுதுவது நல்ல எழுத்து என்பது, கரை ஏறியவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஆற்றில் ஆழமில்லை என்பது மாதிரி. சரிதான். வீட்டுக்கு வீடு உத்தரத்துக் கம்பியில் குத்தி வைத்த கடிதங்கள் துருவும் கரையானுமாகிப் பழைய பேப்பர்க்காரரிடம் போயின; அவற்றில் பெரும்பாலானவை ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு நின்றிருக்கும். என் வாதம் அவை எல்லாம் இலக்கியம் என்பதன்று. எழுதியவருக்கு அந்த அரைமணி நேரம் என்ன கொடுத்தது என்பதைப் பின்னால் வரும் அச்சோ புகழோ கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்பதுதான். நமக்குத் தெரியவருவது எது பிழைத்தது என்பதைப் பொறுத்தது. எழுதும் சுகம் அதைப் பொறுத்ததில்லை. பிள்ளையின் ஏடுகள் வெளியார் கண்ணில் பட்டது 1846இல். ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வந்தது. அவர் இறந்தது 1761 ஜனவரியில், ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு. ஊர் இடிபட்டது, படிக்க ஆளில்லை, கேட்க எஜமானும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்து, அதே நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதிவந்தார்.