பங்குனி மாத இன்லேண்டு

1950-இல் அறிமுகமான நீல நிற இன்லேண்டு லெட்டரில் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனம். உள்ளே எதையும் வைக்கக்கூடாது என்று அதிலேயே கண்டிப்பாக அச்சிட்டிருக்கும். ஆகவே எல்லாமே எழுத்தாகத்தான் போயாக வேண்டும். ‘நலம், நலமறிய ஆவல்’ முடிந்ததும் பங்குனி வந்து இறங்கும்: வேம்பு பூத்துவிட்டது, மாவடு படி என்ன விலை, உத்திரத்துக்குப் பழநிக்கு யார் யார் காவடியோடு நடந்தார்கள், யாருக்குக் காலில் கொப்புளம். இடம் தீர்ந்த பிறகுதான் சுவாரசியமே. ஓரத்திலும் ஒட்டும் மடிப்பிலும், தாளைத் திருப்பித் திருப்பிப் படிக்கவைக்கும் பொடி எழுத்தில், சின்னவளைப் பெண்பார்க்க வருகிற சேதி இருக்கும். (முக்கியமானதைக் கடைசிக்கு வைப்பது அந்தத் தலைமுறையின் குணம்.) பிரிப்பதற்கும் பக்குவம் வேண்டும், அவசரக்காரர் கிழித்தால் மாப்பிள்ளையின் ஊர் பசையோடு போய்விடும்.