வாத்தியமும் வச்சிரமும்

மரச்சட்டத்தோடு தோலைப் பிணைக்கப் புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சுவது பறை கட்டுவோரின் சம்பிரதாயம். புளிய மரத்திற்குப் பஞ்சமில்லாத வருசநாட்டுப் பக்கத்தில் அதற்கு வேறு சரக்குத் தேடவேண்டிய அவசியமும் இல்லை. மரத்தோடு மரத்தைப் பிணைக்கவேண்டிய வயலின் போன்ற வாத்தியங்களிலோ, அந்தத் தோலே பசையாகிவிடும் விசித்திரத்தைக் காண்கிறோம். இரவெல்லாம் நீரில் ஊறிய வச்சிரம் என்னும் அந்தத் தோற்பசையைக் கொதிக்கவிடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு கிண்ணத்தில், ஏறக்குறைய 60 டிகிரி உஷ்ணத்தில் இளக்கி, அது ஆறி உறைவதற்குள் பலகைகளைப் பொருத்திக் கிளாம்பு போட்டு இறுக்கிவிட வேண்டுமாகையால், கைக்குச் சாவகாசமே கிடையாது. யூரியா முதலியன சேர்த்துப் புட்டியில் விற்கும் திரவ வச்சிரம் அந்த அவசரத்தைத் தணிக்கிறது. ஆனால் பழைய சரக்கானால் சரியாக இறுகாது, ஈரக்காற்றில் இளகவும் கூடும் என்பது அதன் தோஷம் (கம்பம் பள்ளத்தாக்கின் சாரல் காலத்தில் இதைக் கவனியாதவர் பாடு திண்டாட்டந்தான்). இருப்பினும், ஈரமும் உஷ்ணமும் பக்குவமாகப் பட்டால் மரத்துக்கு அதிகச் சேதமின்றிப் பிடியை விட்டுக்கொடுக்கும் அதன் சுபாவமே, பின்னொரு காலத்தில் வாத்தியத்தைத் திறந்து பழுது பார்ப்பவருக்குப் பெரும் உபகாரம். இன்றைய வெள்ளைப் பசையால் ஒட்டிய மேற்பலகையைத் திறக்க முயல்பவர், மரத்தையே பிய்த்தெடுக்க நேரிடும். ஆதலின் வாத்தியத்திற்கு வச்சிரமே உத்தமம். புட்டியை வாங்குமுன் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.