உறுதி யாருடைய பெயரில்?

ஊர் தாய், வந்த நாடு புகுந்த வீடு. ரொறன்ரோவின் தமிழ் மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் இந்த இரண்டு உருவகங்களும் பல வருடமாக நடமாடுகின்றன. முதலாவது எனக்குச் சங்கடம் தருகிறது. இரண்டாவது பொருந்தவே இல்லை.

புகுந்த வீடு தமிழ்நாட்டு வழக்கிலிருந்து நாம் இரவல் வாங்கியது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவார். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையும் சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கொள்கிறது. உறுதி அவள் பெயரில் இருக்கும். ஆகவே எங்கள் வழக்கப்படி பார்த்தால், கனடாவில் நாங்கள் மருமகள் அல்ல. வீட்டோடு வந்த மாப்பிள்ளை. மரியாதை உண்டு, சாப்பாடு உண்டு, ஆனால் வீடு இன்னொருவருடையது.

அந்த இன்னொருவர் யார்? மேடைகளில் நாங்கள் நன்றி சொல்வது அரசாங்கத்துக்கு. ஆனால் இன்று ரொறன்ரோ நகர மையம் இருக்கும் நிலத்தை மிசிசாகா மக்களிடமிருந்து வாங்கியதாக 1787இல் பிரித்தானியர் வைத்திருந்த உறுதி, பின்னர் பார்த்தபோது விபரம் எழுதாத வெற்றுத்தாளாக இருந்தது. 1805இல் மீண்டும் எழுதினார்கள். இதையும் இன்னொரு நிலத்தையும் பற்றிய வழக்கு 2010இல்தான் 14.5 கோடி டொலர் இழப்பீட்டுடன் முடிந்தது. பறிபோன காணியைப் பற்றி இவ்வளவு எழுதும் நாங்கள், எங்கள் வீட்டுக்கு அடியில் உள்ள காணியின் கதையை எழுதுவதில்லை. 'புகுந்த வீடு' என்ற சொல் அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்துவிடுகிறது.

தாய்க்கு வருவோம். இங்கே பிறந்த என் மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, ஊர் உங்களுக்கு அம்மா எண்டால், எனக்கு அம்மம்மாவா?" சிரித்தேன், ஆனால் அவள் கேட்டது சரி. தாய் என்ற உருவகத்தில் பிள்ளைக்கு வயது ஏறுவதில்லை. தாயோடு முரண்படவும் இடமில்லை. பேரப்பிள்ளைக்கு அதில் இருக்கையே இல்லை.

ஷியாம் செல்வதுரையின் 'த ஹங்ரி கோஸ்ற்ஸ்' (2013) இந்த இடத்தில் எங்கள் கவிதைகளைவிட நேர்மையானது. அதில் நாடு பாட்டியின் உருவில் வருகிறது: பல வீடுகளின் சொந்தக்காரி, சிங்களப் பெண், பேரனை வாரிசாக்க நினைப்பவள், அவனை நொறுக்கியவளும் அவளே. தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்த அந்தப் பேரன் ரொறன்ரோவிலிருந்து, நோயுற்ற அவளை அழைத்துவரப் புறப்படும் நேரத்தில் பழையதை நினைக்கிறான். அன்பும் பயமும் சொத்தும் ஒரே உறவுக்குள் இருக்கின்றன. இரத்தம் 'எங்கள்' பக்கம் மட்டும் ஓடவில்லை. இதைத் 'தாயகம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க முடியாது.

உறவுமுறைச் சொற்களைக் கைவிடச் சொல்லவில்லை. எங்கள் மொழியில் மாமி வேறு, சின்னம்மா வேறு, பெரியம்மா வேறு. இத்தனை நுணுக்கம் இருந்தும், நாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் ஒரே அம்மாவிடம் ஓடுகிறோம்?