ஒருவனுக்கு எட்டுக் கங்காணிகள்

சிரிப்பதற்கென்றே எடுத்த படம் என்பர். சிரித்தோம், நாமும்தான். ஆனால் எதைக் கண்டு சிரித்தோம்? மைக் ஜட்ஜ் எழுதி இயக்கிய 'ஆபீஸ் ஸ்பேஸ்' எனும் அமெரிக்கத் திரைப்படம், 1999-இல் வெளிவந்தபோது கொட்டகைகளில் எடுபடவில்லை. வீடுகளிலே ஒளித்தட்டாகச் சுழன்ற பின்னரே புகழ் பெற்றது. அலுவலகத்தில் வாய் திறவாதவன், கதவைத் தாழிட்டுக்கொண்டு சிரித்தான் போலும்!

களம், இனிடெக் எனும் மென்பொருள் நிறுவனம். 2000-ஆம் ஆண்டு பிறக்கையில் வங்கிக் கணிப்பொறிகள் தடுமாறாதிருக்க, நிரல்களில் ஈரிலக்கமாகக் கிடக்கும் ஆண்டை நான்கிலக்கமாக்குவது பீட்டர் கிப்பன்ஸின் வேலை. உழைப்பவன் ஒருவன், அவனை மேய்ப்போர் எண்மர்! அறிக்கையொன்றுக்கு மேலுறை வைக்க மறந்தான். அதைச் சொல்ல ஒருவர் வந்தார். அதையே சொல்ல மற்றொருவர் வந்தார். தொலைபேசியிலும் அதே பல்லவி. வேலை போகாதிருக்க எவ்வளவு உழைப்புத் தேவையோ அவ்வளவே உழைப்பேன் என்கிறான் பீட்டர். அச்சம் எனும் சாட்டைக்குக் கிடைத்த விளைச்சல் அவ்வளவே!

படத்தின் உயிர் மில்ட்டன். ஆண்டுகள் பலவற்றுக்கு முன்பே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டனர். அதை அவரிடம் கூறத்தான் ஆளில்லை. கணக்குப் பிழையால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஆட்குறைப்புக்கென அழைக்கப்பட்ட ஆலோசகர் இருவர் பிழையைத் திருத்தினர், சம்பளம் நின்றது. அப்போதும் ஒரு சொல் சொன்னாரில்லை! அவரது மேசை நிலவறைக்குப் போயிற்று. சிவப்பு ஸ்டேப்ளரும் பறிபோயிற்று. பிறரை அஞ்சவைத்துப் பிழைப்போர், ஒருவன் முகம் பார்த்து உண்மை உரைக்க அஞ்சும் காட்சியை இத்துணைக் கூர்மையாக நாம் திரையில் கண்டதில்லை.

மிகையோ? மைக்ரோசாப்ட் நிறுவனம், 2013 நவம்பரில் கைவிடும் வரை, ஊழியரைத் தரவரிசையிட்டு, குழுவில் இத்தனை பேர் கடைத்தரம் என முன்கூட்டியே விதித்திருந்தது. அனைவரும் வல்லவரே எனினும் ஒருவன் வீழ்ந்தாகவேண்டும். அடுத்த மேசைக்காரன் சறுக்கினால் தனக்கு நல்லது என்றிருக்கும் இடத்தில், எவன் எவனுக்குக் கைகொடுப்பான்?

இவ்வளவும் கண்ட ஜட்ஜ், முடிவிலே நம்மை ஏமாற்றிவிட்டார். மில்ட்டன் வைத்த தீயில் கட்டடம் எரிகிறது. பீட்டர் கட்டுமானக் கூலியாகிறான்; நண்பர் இருவரும் வேறொரு நிறுவனத்தில் அதே வேலைக்குச் செல்கின்றனர். அங்கே எண்மர் இரார் என்பதற்கு என்ன உறுதி? மூவர் கூடிச் சில்லறை திருடத் திட்டமிடுகின்றனர். எல்லோரையும் கூட்டிக் கோரிக்கை ஒன்று எழுத எவனுக்கும் தோன்றவில்லை. கூகுள் ஊழியர், ஆல்ஃபபெட் தொழிலாளர் சங்கம் கண்டது 2021 ஜனவரியில். படம் வந்து ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்குப் பின்! அந்த எண்ணத்தின் சிறு பொறியேனும் கதையில் இருந்திருக்கலாம் என்பதே நம் குறை.

எனினும் படத்தைக் காணுங்கள். மில்ட்டனாக வரும் ஸ்டீபன் ரூட், எவருக்கும் கேளாத குரலில் முணுமுணுக்கும்போது, உடன் அமர்ந்திருப்போர் சிரிக்கிறார்களா என்றும் சற்றே கவனியுங்கள்.