வளைவை விரித்தால் போதுமா?

லெகோ ரயிலில் 1991-இல் வந்த 9 வோல்ட் அமைப்பைத்தான் நான் இன்னும் உசத்தியா நினைக்கிறேன். உலோகத் தண்டவாளமே மின்சாரம் கொடுத்தது. பேட்டரி மாத்துற வேலையே கிடையாது. பிறகு பிளாஸ்டிக் தண்டவாளம் வந்தது, பேட்டரி ரயிலுக்குள் ஏறியது. வளைவின் ஆரம் மட்டும் பழையபடி 40 ஸ்டட், அதாவது 32 செ.மீ. நீளமான எஞ்சினை அதில் ஓட்டினால் முகப்பு வெளியே துருத்திக்கிட்டு நிற்கும்.

பிற தயாரிப்பாளர்கள் கைவைத்தது இங்கேதான். 56, 72, 88, 104 என்று ஆரம் 16 ஸ்டட் வீதம் கூடுகிறது. அடுத்தடுத்த பாதைகளுக்கு நடுவே லெகோ வைத்த இடைவெளியும் அதே 16 என்பதால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. நல்ல பொறியியல், சந்தேகமில்லை.

ஆனா 104-இல் முழு வட்டம் போட குறைந்தது 1.66 மீட்டர் அகலம் வேணும். எத்தனை பேர் வீட்டில் அந்த இடம் இருக்கு? அதோடு, பிளாஸ்டிக் வளைவு அழகைத் தரும், மின்சாரம் தராது. உலோகத் தண்டவாளமே மறுபடி கிடைத்தாலும், பழைய மோட்டார் தேய்ஞ்சு நின்னுட்டா அதுக்கு என்ன பயன்? அதனால், அந்த மோட்டார் இருந்த இடத்தில் அப்படியே பொருந்துகிற புது மோட்டாருக்குத்தான் என் முதல் ஓட்டு. வளைவு அப்புறம்.