அன்புக்கும் அளவுகோல் உண்டு

வெள்ளகோவிலில் தறியிலிருந்து இறங்கும் துணியை விரித்துப் பார்த்து, இழை அறுந்த இடத்தையும் எண்ணெய்க் கறையையும் குறித்த பிறகே கணக்குத் தீர்க்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் என்றே தனிப் பிரிவு உண்டு. சிறு துளை இருந்தாலும் பனியன் ஒதுக்கப்படும். இத்துணைக் கண்டிப்பான வட்டாரத்தில் வாழும் நாம், முதியோர் இல்லத்திற்குள் நுழையும்போது மட்டும் அந்தச் சோதிக்கும் கண்ணைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிடுகிறோம்.

பிறந்த நாளென்றும் நினைவு நாளென்றும் ஒருவேளை உணவு வழங்கச் செல்கிறோம். கழுவிவிட்ட தரை, வெள்ளை விரிப்பு, வரிசையாக அமர்ந்து கைகூப்பும் முதியோர் ஆகியவற்றைக் கண்டு நெஞ்சம் நெகிழ்கிறோம். "நல்ல இல்லம்" என்று நாலு பேரிடம் சொல்கிறோம். மகனும் மருமகளும் ஷிப்டு முறையில் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போக, படுத்த படுக்கையான தாயை எங்கே விடுவது என்று தவிக்கும் குடும்பம் ஒன்று நம் சொல்லை நம்பித்தான் அந்த இல்லத்தைத் தேடி வருகிறது. ஆகவே நாம் தரும் சான்று வெறும் உபசார வார்த்தையாக இருந்துவிடலாகாது.

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் அவெடிஸ் டோனபீடியன், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மதிப்பிட அமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று கூறுகளை 1966ஆம் ஆண்டு வகுத்துக் காட்டினார். முதியோர் இல்லத்திற்கும் இது பொருந்தும். கட்டடம், கட்டில், கழிப்பறைக் கைப்பிடி, பணியாளர் எண்ணிக்கை ஆகியவை அமைப்பு. எழ இயலாதவரை வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதும், மருந்தைக் குறித்துவைத்துக் கொடுப்பதும் செயல்முறை. முதுகில் படுக்கைப் புண் வராதிருப்பதும், உடல் மெலியாதிருப்பதும், முகத்தில் அச்சம் இல்லாதிருப்பதும் விளைவு. நாமோ முதலாவதைக் கண்டவுடன் மற்ற இரண்டும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. புனித அன்னை தெரசா 1952இல் கல்கத்தாவின் காளிகாட்டில் இறப்பவர்களுக்கான இல்லத்தைத் திறந்தார். 1994ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழின் அப்போதைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அதனைப் பார்வையிட்டு எழுதினார். எவரையும் ஏற்கும் திறந்த கதவு, தூய்மை, புண்களைப் பேணும் பொறுமை, கனிவு ஆகியவற்றை அவர் மனமாரப் பாராட்டினார். கூடவே, மருத்துவர் எப்போதாவது வந்து போவதையும், கடும் வலிக்கான மருந்து இல்லாதிருந்ததையும், கடுங்காய்ச்சலில் கிடந்த இளைஞர் ஒருவருக்கு மலேரியா என்பது தாமதமாகவே அறியப்பட்டதையும் குறிப்பிட்டார்.

இந்தக் கட்டுரையை அன்னையின் மீதான தாக்குதலாக எண்ணிச் சினந்தவர் உண்டு. அன்னையைச் சிறுமைப்படுத்தும் கருவியாக எடுத்தாண்டவரும் உண்டு. இரு சாராரும் அதனைப் பாதியே படித்தனர் என்போம். வலி மருந்துப் பஞ்சம் அந்த ஓர் இல்லத்தின் குறை அன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் நாடெங்கும் அரிதாகியிருந்தது. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் அதே சட்டத்தின்கீழ் 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்பையே பணியாக ஏற்ற மருத்துவமனை ஒன்று தொடங்கியது. மேலும், மலேரியாவைக் கண்டறிய வேண்டியது ஒரு சொட்டு இரத்தமும் ஒரு நுண்ணோக்கியும் மட்டுமே. அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஆதலால் ஃபாக்ஸின் கேள்வி நியாயமானது. கேள்வி கேட்டதனால் அன்னையின் அன்பு குறைந்துவிடவும் இல்லை. அன்பு இருந்ததனால் நோயாளியின் வலி தானாகத் தீர்ந்துவிடவும் இல்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் அமைவதைப் பற்றிப் பேசுகிறது. இல்லங்களின் தரத்தை மாநில அரசு வகுக்கவும் வழி செய்கிறது. ஆனால் அதிகாரி வரும் நாள் ஆண்டில் சில. முதியவர் கழிக்கும் இரவுகளோ முந்நூற்று அறுபத்தைந்து. இடைவெளியை அடைக்க வேண்டியது அக்கம்பக்கத்தாரின் கண்.

அந்தக் கண் எதைப் பார்க்க வேண்டும்? குடிநீர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா? இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே எத்தனை மணி நேரம்? இரவில் கூப்பிட்டால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார்? குளிப்பாட்டும்போது மறைப்பு உண்டா? பாட்டி என்று பொதுவாக அழைக்கிறார்களா, பெயரும் தெரியுமா? குறை சொன்னவர் மறுநாளும் அச்சமின்றி இருக்கிறாரா? இவற்றிற்கு நல்ல விடை கிடைத்தால், சுவரில் காரை பெயர்ந்திருப்பினும் அது நல்ல இல்லமே. குறைந்த சம்பளத்தில் இரவெல்லாம் கண்விழிக்கும் பணிப்பெண்ணின் உழைப்பும் இக்கேள்விகளால்தான் வெளியே தெரியும். பொதுப்படையான புகழ்ச்சி அவரையும் மறைத்துவிடுகிறது.

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டினார், விடுதிக்குக் கொண்டு சேர்த்தார், இரு தெனாரியம் கொடுத்தார். நம் மறையுரைகள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றன. மேற்செலவு ஆனால் திரும்பி வரும்போது தருவதாகவும் அவர் விடுதிக்காரரிடம் சொல்லிச் சென்றார். கொடுத்தவர் திரும்பியும் வருவார் என்று அந்த விடுதிக்காரருக்குத் தெரிந்திருந்தது.

வாசகர்களே, அடுத்த முறை உணவுப் பொட்டலத்துடன் செல்லுங்கள். மறு வாரம் எதுவும் கொண்டுபோகாமல், சொல்லாமல், மாலை நேரத்தில் ஒருமுறை செல்லுங்கள். ஒரு கட்டிலின் அருகே அரைமணி நேரம் அமருங்கள். அதன்பின் சொல்லுங்கள், அது நல்ல இல்லமா என்று.